வியாபாரம் எப்படி என்று கேட்ட மச்சானுக்கு

கனால்பாலம் ஜங்ஷன்,
புரட்டாசி 23, வியாழக்கிழமை, காலை.

முதலமடை மாங்காய் மண்டியின் முதலாளியும், என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணனும், வயதிலும் வசதியிலும் எனக்கு மூத்தவருமான மச்சான் நாட்ராயன் அவர்கள் சமூகத்துக்கு, செக்கு எண்ணெய்க் கடை காளிச்சாமி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் தங்கை செல்வலட்சுமியும், செக்கும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீங்களும், அக்காவும், தோப்பும், தோப்பில் உள்ள உருப்படிகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று கனால் கரை மாரியாத்தாளிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் இடுப்புப் பிடிப்பு விட்டதா? விட்டிருக்காது. இந்தக் கடிதம் கொண்டுவரும் லாரிக்காரர் கையிலேயே ஒரு பாட்டில் விளக்கெண்ணெய் கொடுத்திருக்கிறேன். இளஞ்சூட்டில் தேய்க்கவும். போன முறை மாதிரி தோசைக்கு ஊற்றிவிட வேண்டாம்.

போனிலேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேசுகிறீர்கள், நான் ஆமாங்க என்கிறேன், நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன ஆமாங்க மொத்தம் பதினேழு. உங்கள் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாள். அந்தப் பதினேழில் எந்த ஆமாங்கவில் நான் கடையை மூட ஒத்துக்கொண்டேன் என்று எனக்கே தெரியவில்லை. "தீபாவளியோட கடைய மூடிப்போட்டு வந்துருங்க மாப்ள, செக்கை வந்த வெலைக்குத் தள்ளிருங்க, தையில சீசன் ஆரம்பிக்குது, மண்டியில மேஸ்திரி நாற்காலி உங்களுக்குத்தான்" என்று சொன்னீர்களே, அதைக் கேட்டு எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் எந்த மச்சான் தங்கை புருஷனுக்காக ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருக்கிறார்? அந்த மனசுக்கு ஆயிரம் கும்பிடு. உங்கள் தங்கை மொட்டைமாடிக்குப் போய்க் கடை நிலவரத்தை உங்களிடம் சொல்லியிருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். அவளுக்கும் ஒரு கும்பிடு. ஆனால் அவள் சொன்னது ஆவணி மாதத்து நிலவரம். அதற்குப் பிறகு இங்கே நடந்ததை நீங்கள் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் அந்த நாற்காலியைப் பற்றி முடிவு செய்ய வேண்டும். அதனால்தான் இடையில் நீங்கள் பேச முடியாத மாதிரி கடிதமாகவே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் ஜங்ஷன் உங்களுக்குத் தெரியும். கனால் மேல் ஒரு பாலம், பாலத்தை ஒட்டி வரிசையாக ஏழு கடை, கடைகளுக்கு நேர் எதிரே வில்லாக் காலனியின் பின்மதில். மதிலுக்குள் தொண்ணூற்றிரண்டு வீடு. பாலக்காட்டு டவுனில் இடம் கிடைக்காதவர்களும், கல்ஃபிலிருந்து திரும்பியவர்களும், ஓய்வுபெற்றவர்களும், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் வந்து குடியேறிய காலனி. அந்தத் தொண்ணூற்றிரண்டு அடுப்பை நம்பித்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் இங்கே செக்குப் போட்டேன். கடை திறந்த அன்றைக்கு நீங்கள் மதிலைப் பார்த்துவிட்டு, "மாப்ள, இதுல வாசல் இருக்குதுங்களா?" என்று கேட்டீர்கள். இருந்தது, நானே காட்டினேன், பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்பு கேட். கடை திறந்த அடுத்த மாதமே அதில் ஒரு பூட்டு விழுந்தது. அதோடு சரி. காலனிக்காரர்கள் முன்வாசல் வழியாகக் காரை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போகிறார்கள், இல்லையென்றால் போனில் தட்டுகிறார்கள், ஸ்கூட்டரில் சாமான் வந்து இறங்குகிறது. அவர்கள் வீட்டு சாம்பார் தாளிக்கிற வாசனை எனக்கு வருகிறது. நான் ஆட்டுகிற நல்லெண்ணெய் வாசனை அவர்களுக்குப் போகாமல் இருக்குமா? ஆனால் நடுவில் அந்தப் பூட்டு. மதிலைச் சுற்றிக்கொண்டு வர வேண்டுமென்றால் ஒன்றரைக் கிலோமீட்டர்.

இப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்த நாளில்தான், ஆவணி பாதியில், காலை எட்டரை மணிக்கு, ஒரு கையில் டேப்லெட்டும் ஒரு கையில் குடையுமாக அஞ்சு என்கிற பெண் வந்து நின்றாள். பஞ்சாயத்துக்காக ஒரு சர்வே எடுக்கிறார்களாம். நகரத்தை ஒட்டிய இடங்களில் கடை வைத்திருக்கிறவர்கள் தொழில் சூழலை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது விஷயம். "சேட்டா, நாப்பது சோத்யம் மாத்திரம், வேகம் தீர்க்கலாம்" என்றாள். சரி, நாற்பது கேள்விதானே, சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போவோம் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன். முதல் கேள்வியே, "கழிஞ்ச ஆறு மாசத்துல வியாபாரம் கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?"

மச்சான், நீங்களும் வியாபாரிதான், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னும் போணி ஆகவில்லை. காலையில் முதல் வியாபாரம் ஆகிறதுக்கு முன்னால் கடைக்குள் உட்கார்ந்துகொண்டு குறைஞ்சது, இல்லை, நட்டம் என்கிற வார்த்தைகளை எவனாவது சொல்லுவானா? கடைக்குக் காது இல்லையா? "அம்மிணி, போணி ஆகலைங்க, ஆகட்டும், சொல்றனுங்க" என்றேன். அந்தப் பெண் விழித்தாள். முதல் கைநீட்டம் மாதிரி என்று மலையாளத்தில் விளக்கினேன். புரிந்துகொண்டு, பாவம், நேரமாகிறதே என்று தன் பர்ஸைத் திறந்து நூறு மில்லி நல்லெண்ணெய் வாங்கினாள். வாங்கி, பாட்டிலைப் பைக்குள் வைத்திருக்க மாட்டாள், வழி தவறி வந்த ஒரு வேன் கடை முன்னால் நின்றது. கல்யாண சமையல்காரர். பதினைந்து லிட்டர் டின்னில் தேங்காய் எண்ணெய் இரண்டு டின் கேட்டார். மூன்று வருஷத்தில் நான் டின்னாக விற்றது அதுதான் முதல் தடவை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. கைராசி என்றால் இது கைராசி!

இதற்குப் பிறகு நான் செய்ததை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. நாற்பது கேள்விக்கும் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டால் அந்தப் பெண் நாளைக்கு வருவாளா? "இன்னைக்கு நாலு கேள்வி போதுங்க அம்மிணி, யோசிச்சுச் சொல்லோணும், இது பஞ்சாயத்து விஷயம் பாருங்க" என்று அனுப்பிவைத்தேன். மறுநாள் வந்தாள். நூறு மில்லி. அன்றைக்கும் வியாபாரம். விஷயம் மூன்றாம் நாள் பக்கத்து பேக்கரி ஜோஜோவுக்குத் தெரிந்துவிட்டது. ஜோஜோ தேயிலை மலை ஏலப்பாறைக்காரர், எஸ்டேட் லயத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு சேர்ந்து வளர்ந்தவர், தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசுவார். "எனக்கு இதுலெல்லாம் விசுவாசமே கெடையாது அண்ணாச்சி, நான் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவன்" என்று சிரித்தார். நாலாம் நாள் காலை ஆறு மணிக்கே பேக்கரியைத் திறந்து, சூடான பப்ஸ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண் பஸ்ஸிலிருந்து இறங்கும் இடத்திலேயே போய் நின்றுவிட்டார். அதைப் பார்த்துத் தையல் கடை டின்சி சண்டைக்கு வந்துவிட்டாள். பொம்பளைப் பிள்ளை முதலில் ஏற வேண்டியது பொம்பளை கடையா, ஆம்பளை கடையா என்பது அவள் கட்சி. அப்புறம் பஞ்சர் கடை, காய்கறிக் கடை, சாப்பாட்டுக் கடை, ரீசார்ஜ் கடை என்று ஏழு கடையும் சேர்ந்து, ஜோஜோவின் பிஸ்கட் பாட்டிலுக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த நாள் போணி என்று முறை வைத்துக்கொண்டோம். எனக்குச் செவ்வாய் விழுந்தது. செவ்வாய் ஆகாது என்று நான் ஜோஜோவிடம் கெஞ்சி வியாழனை மாற்றிக்கொண்டேன். விசுவாசமே கிடையாதவர் அதற்கு ஒரு லிட்டர் எண்ணெய் கேட்டு வாங்கினார்.

மூன்று வாரம் ஓடியது. ஒருத்தர் சர்வேயும் முடியவில்லை. ஒரு நாள் கடைக்கு டீ கொண்டுவந்த உங்கள் தங்கை, பேக்கரி பெஞ்சில் அந்தப் பெண் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. அவளுக்கு இது ஒப்பந்த வேலை. அந்தச் சனிக்கிழமைக்குள் ஏழு கடையின் பதிலும் போய்ச் சேராவிட்டால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்களாம். வேலை கிடைத்ததே ஒரு வருஷம் தேடி. வீட்டிலோ நல்லெண்ணெய் பாட்டில், பஞ்சருக்கு ஒட்டுகிற பசை, தேவையில்லாத நூல்கண்டு என்று ஒரு அலமாரி நிறைந்துவிட்டது. "நீ சர்வேக்குப் போறயா, எண்ணெய் தேச்சுக் குளிக்கப் போறயான்னு அம்மை கேக்குது சேச்சி" என்று சொல்லிக்கொண்டே அழுதிருக்கிறாள்.

உங்கள் தங்கை கடைக்குள் வந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "ஏனுங்க, ஒரு பொம்பளப் புள்ள பொழப்பக் கெடுத்துத்தான் நாம பொழைக்கோணுமுங்களா? அந்தப் புள்ள கையில ராசி இருக்குதுங்கறீங்க, அந்தப் புள்ளைக்கே அது ஒதவலீங்களே" என்றாள். நான் இந்த மூன்று வாரமும் அந்தப் பெண்ணை ஒரு மனுஷியாகவே நினைக்கவில்லை, நல்ல சகுனமாகத்தான் நினைத்திருக்கிறேன். மற்ற ஆறு பேரையும் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிடுவது என்று சத்தியம் செய்தோம்.

சத்தியம் செய்வது சுலபம். வெள்ளிக்கிழமை காலையில் அஞ்சு வந்தாள். போணி ஆகவில்லை, வாய் திறக்க முடியாது. பத்து மணிக்குப் போணி ஆயிற்று, ஆனால் கல்லாப்பெட்டி திறந்திருக்கிறது, திறந்த கல்லா முன்னால் நட்டத்தைப் பற்றிப் பேசினால் அது கேட்டுக்கொண்டு அப்படியே நடக்கும். மூடிவிட்டுப் பேசலாம் என்றால் வெள்ளிக்கிழமை கல்லாவை மூடி வைப்பார்களா? சாயங்காலம் சொல்லலாம் என்றால் அது விளக்கு வைக்கிற நேரம், அப்போது எந்தக் குடும்பஸ்தன் இல்லை என்ற வார்த்தையைச் சொல்வான்? ஜோஜோவுக்குப் போணி பிரச்சினை கிடையாது, ஆனால் வெள்ளிக்கிழமை அவருக்கும் என்னவோ ஒன்று இருக்கிறதாம். கடைசியில் பார்த்தால், தொழில் சூழல் எப்படி என்ற கேள்விக்கு ஏழு கடையிலும் அதுவரை ஏறியிருந்த ஒரே பதில் அமோகம், அமோகம், அமோகம். அஞ்சு தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னாள், "சேட்டா, எல்லாம் அமோகம்ன்னா பஞ்சாயத்துல இங்க ஒண்ணும் செய்ய மாட்டாங்க. பஸ் ஸ்டாப்பு வேண்டா, தெருவிளக்கு வேண்டா, ஒண்ணும் வேண்டான்னு எழுதும்."

வழி சொன்னது உங்கள் தங்கைதான். "கடைக்குள்ள சொல்லக் கூடாதுன்னா வெளிய போயி சொல்லுங்க. பாலம் யாரு கடையுமில்லீங்களே." இவ்வளவு சின்ன விஷயம் ஏழு ஆண் பெண் தலைகளுக்கு எட்டவில்லை! மத்தியானம் மூன்று மணிக்கு, கடைகளைத் திறந்தபடியே போட்டுவிட்டு, ஏழு பேரும் வரிசையாகப் போய்க் கனால் பாலத்தின் நடுவில் நின்றோம். அஞ்சு டேப்பைத் திறந்தாள். முதல் கேள்வி. நான் கடை இருக்கிற திசையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "குறைஞ்சுதானுங்க அம்மிணி போச்சு. பாதிகூட இல்லீங்க" என்றேன். சொன்னதும் நெஞ்சில் வைத்திருந்த கல்லை யாரோ எடுத்த மாதிரி இருந்தது. அதன் பிறகு மச்சான், ஒருத்தரை ஒருத்தர் பேச விடவில்லை! டின்சிக்கு மாதத்தில் பத்து நாள் மிஷின் ஓடுவதில்லையாம், சும்மா பெடலை மிதித்துச் சத்தம் மட்டும் கொடுப்பாளாம். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தானே நான் அவளுக்கு ராத்திரி பகலாக வேலை என்று நினைத்திருந்தேன்! பஞ்சர் கடைக்காரர் வாரத்தில் இரண்டு நாள் கூலி வேலைக்குப் போகிறாராம், வெளியூர் ஆர்டர் என்று எங்களிடம் சொல்லிவிட்டு. ஜோஜோ தினமும் சாயங்காலம் மிச்சமான பன்னைக் கொண்டுபோய் இதே பாலத்திலிருந்து கனாலில் மீனுக்குப் போடுகிறாராம். மூன்று வருஷமாக அவர் செழிப்பாக இருக்கிறார் என்று நினைத்து வயிறு எரிந்தவன் நான். அவர் என்னைப் பார்த்து எரிந்தாராம். ஏழு பேரும் ஏழு பேரிடமும் அமோகம் அமோகம் என்றே சொல்லி, அவனவன் தனியாக முங்கிக்கொண்டிருந்திருக்கிறோம். ஜோஜோ என் தோளில் கை போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவருக்கும் வந்துவிட்டது. அஞ்சு முப்பத்தியோராவது கேள்வியில் நின்றுகொண்டிருந்தாள்.

அப்போது பாலத்தின் அந்தக் கோடியில் குடை பிடித்தபடி வேகமாக வந்தவர் யக்ஞநாராயணன் சாமி. உங்களுக்கு அவரைத் தெரியாது. கல்பாத்திப் பக்கத்துக் குடும்பம், ஓய்வுபெற்ற பாங்க் மேனேஜர், காலனிவாசி. மூன்று வருஷமாகத் தினமும் காலையில் கனால் கரையில் நடக்கும்போது என் கடை முன்னால் ஒரு நிமிஷம் நின்று, "வியாபாரம் எப்படி ஓய்?" என்று கேட்பார். "அமோகம் சாமி!" என்பேன். தலையை ஆட்டிவிட்டுப் போவார். அன்றைக்கு வீட்டில் பர்வதம் மாமி விளக்குக்கு எண்ணெய் இல்லை என்று துரத்தியதில் மதிலைச் சுற்றி வந்திருக்கிறார். வந்து பார்த்தால் ஏழு கடையும் திறந்து கிடக்கிறது, ஒரு ஆள் இல்லை, எல்லாரும் பாலத்தில் கூடி அழுகிறார்கள். யாரோ கனாலில் விழுந்துவிட்டார்கள் என்று பதறி ஓடிவந்திருக்கிறார். "யாராக்கும்? ஆளைக் கிட்டித்தோ?" என்றார். யாரும் விழவில்லை சாமி, வியாபாரம்தான் விழுந்துவிட்டது என்று அஞ்சு விளக்கினாள். அவர் டேப்பை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முப்பது பதிலையும் படித்தார். பிறகு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"ஏன் ஓய், நான் தெனம் தெனம் வந்து கேக்கறேனே, ஒரு நாளாவது நீர் இதைச் சொன்னீரோ? நீர் கடை தொறந்த புதுசிலே என்ன சொன்னீர், ஓர்மை உண்டோ? கூட்டம் தாங்கலை சாமி, நிக்க எடமில்லை சாமின்னு சொன்னீர். நான் அதை அப்படியே மீட்டிங்கிலே சொன்னேன். பின்வாசல்ல இத்தனை கூட்டம் வந்தா பார்க்கிங் தகராறு வரும், திருடன் வருவான்னு எல்லாரும் பயந்து அந்த கேட்டைப் பூட்டச் சொல்லிட்டா. அசோசியேஷன் செக்ரட்டரி நானாக்கும். சாவி என் பூஜை அறையிலேதான் தொங்கறது!"

மச்சான், நான் அப்படியே பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். கடை திறந்த முதல் வாரத்தில் ஒரு கிராக்கிகூட வராத நாளில், மங்களகரமாக இருக்கட்டும் என்று நான் சொன்ன ஒரு வார்த்தை. அந்த வார்த்தை போய்ப் பூட்டாகத் தொங்கியிருக்கிறது. என் கடையை மட்டுமா பூட்டியது? ஜோஜோ, டின்சி, எல்லாரையும். அவர்கள் என்னைக் கனாலில் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. ஜோஜோ மெதுவாக, "அண்ணாச்சி, நானும் அவர்ட்ட அதையேதான் சொன்னேன்" என்றார். டின்சியும் அதையேதான் சொல்லியிருக்கிறாள். இந்த மனுஷர்களோடு பக்கத்தில் கடை வைத்திருக்க நான் கொடுத்து வைத்தவன், அதை இங்கே எழுதாமல் விட முடியாது.

மறுநாள் சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு யக்ஞநாராயணன் சாமி பட்டு வேஷ்டி கட்டிக்கொண்டு, சாவியை ஒரு தட்டில் வைத்து எடுத்துவந்து, துருப்பிடித்த பூட்டைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. நம் கடை விளக்கெண்ணெயை நான்தான் கொண்டுபோய் ஊற்றினேன், மூன்றே சொட்டு, பூட்டு வாயைப் பிளந்தது. அதற்குப் பிறகு நடந்ததை என்ன என்று சொல்வேன்! கேட்டிலிருந்து என் கடை வரைக்கும் வரிசை. செக்கு நிற்க நேரமில்லை. தினமும் நாற்பது லிட்டருக்குக் குறையாமல் போகிறது. தொண்ணூற்றிரண்டு வீட்டில் ஒரு வீடு பாக்கியில்லை. ஜோஜோவின் பன்னுக்காகப் பாலத்துக்குக் கீழே மீன்கள் ஏங்கி இளைத்துவிட்டன. டின்சியின் மிஷின் நிஜமாகவே ஓடுகிறது. நான் இரண்டாவது செக்குக்கு விலை விசாரித்திருக்கிறேன். அமோகம் மச்சான், அமோகம்!

அஞ்சுவின் ஏழு சர்வேயும் அந்தச் சனிக்கிழமை மத்தியானமே போய்ச் சேர்ந்தது. ஒப்பந்தத்தை ஆறு மாதம் நீட்டியிருக்கிறார்கள். அடுத்து ஏலப்பாறைப் பக்கம் இதே சர்வேயாம். ஜோஜோ அங்கே தன் சொந்தக்காரர் வீட்டில் தங்க ஏற்பாடு செய்து கொடுத்தார். அவள் புறப்பட்ட அன்று ஏழு கடைக்காரரும் பஸ் ஏற்றிவிடப் போனோம். நான், "அம்மிணி, அங்கயும் யாரையும் கடைக்குள்ள வெச்சுக் கேட்காதீங்க, வெளிய கூட்டிட்டுப் போயிக் கேளுங்க" என்று சொல்லி அனுப்பினேன். அலமாரியில் இருந்த எண்ணெய்க்கெல்லாம் காசைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை. முடிக்கு நல்லதாக இருக்கிறது என்றாள். அந்தப் பெண்ணுக்கும், சாமிக்கும், சாமியை அன்றைக்குத் துரத்திவிட்ட பர்வதம் மாமிக்கும், என்னைச் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பாலத்துக்கு அனுப்பிய உங்கள் தங்கைக்கும் நான் எத்தனை ஜென்மத்துக்குக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆகவே மச்சான், உங்கள் அன்புக்குத் தலைவணங்கி, மண்டியின் மேஸ்திரி நாற்காலியைத் தயவுசெய்து வேறு நல்ல ஆளுக்குக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இங்கே எனக்குக் கை ஓயவில்லை. அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் இடுப்பு சீக்கிரம் நிமிரட்டும், வருகிற சீசனில் மரத்துக்கு மரம் காய் குலுங்கட்டும், உங்கள் லாரிகள் போகிற வழியெல்லாம் பச்சை விளக்காக எரியட்டும்.

என்றும் உங்கள் ஆசியை நாடும் மாப்பிள்ளை,
காளிச்சாமி.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது உங்கள் தங்கை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏனுங்க, இத எங்க உக்காந்து எழுதுனீங்க?" கடையில்தான், கல்லாவுக்கு முன்னால், இன்னும் போணி ஆகவில்லை என்றேன். அவள் பேனாவையும் என்னையும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது இதைப் பாலத்துச் சுவரில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

கேட் திறந்தது சத்தியம். அஞ்சுவுக்கு வேலை நீட்டித்தது சத்தியம். சாமி பட்டு வேஷ்டி கட்டிவந்ததும் சத்தியம். வரிசை என்று எழுதியது முதல் நாள் மட்டும், அதில் பதினோரு பேர், நாலு பேர் என்ன கூட்டம் என்று பார்க்க வந்தவர்கள். நாற்பது லிட்டர் தினமும் இல்லை, வாரத்துக்கு. இரண்டாவது செக்கை விசாரித்தேன், விலையைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன். கேட் காலையில் மூன்று மணி நேரமும் சாயங்காலம் மூன்று மணி நேரமும்தான் திறக்கிறார்கள். தொண்ணூற்றிரண்டு வீட்டில் இதுவரை தவறாமல் வாங்குவது பன்னிரண்டு வீடு. போன மாதம் ஒரு வீடும் இல்லை மச்சான், இப்போது பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டுக்கு நான் காலையும் மாலையும் கும்பிடு போடுகிறேன். ஆனால் கடை நிற்க வேண்டுமென்றால் முப்பது வேண்டும். அது வருமா வராதா என்பது எனக்குத் தெரியாது. இதை நான் உங்களிடம் சொல்வது இதுதான் முதல் தடவை.

அதனால் மேலே அந்த நாற்காலியை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லி எழுதியிருக்கும் வரியை மட்டும் அடித்துவிட்டுப் படியுங்கள். தை பிறக்கிறவரைக்கும் அதில் யாரையும் உட்கார வைக்க வேண்டாம். முப்பது வீடு சேர்ந்துவிட்டால் நானே வந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறேன். சேராவிட்டால் நானே வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.